காற்று: இல்லை

அக்டோபர் 15, செவ்வாய்

இடம்: தெற்குத் தோட்டம். மக்காச்சோளம் 4 ஏக்கர். ஆரம்பம் 6.30, முடிவு 7.25. காற்று: லேசாக. பேட்டரி: மூன்று செட்.

கோயமுத்தூரில் பதினைந்து நாள் ட்ரோன் பயிற்சி கொடுத்த வாத்தியார், "பறக்க விட்ட அன்னிக்கே இவ்வளவும் எழுதி வெச்சிரணும்மா, நாளைக்குன்னு விட்டா எழுத மாட்டீங்க" என்று சொல்லி அனுப்பினார். எழுதுகிறேன். ஆனால் கட்டம் போட்ட இடத்தோடு நிறுத்த எனக்கு வரவில்லை. வாயும் அப்படித்தான், கையும் அப்படித்தான். கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்த டைரி, பக்கம் நிறையக் கிடக்கிறது. காசா பணமா.

கைத்தெளிப்பான் என்றால் நாலு ஏக்கருக்கு இரண்டு ஆள், இரண்டு நாள். முதுகெல்லாம் மருந்து வழிந்து அரித்து எடுக்கும். ட்ரோனுக்கு ஒரு மணி நேரம்கூட வேண்டாம், நான் வரப்பிலேயே நிற்கலாம், சேலையில் ஒரு சொட்டுப் படாது. முப்பத்தொன்பது வயதில் எனக்கு இப்படி ஒரு பவுசு வரும் என்று எந்த ஜோசியக்காரனும் சொன்னதில்லை.

பவுசு கொடுத்தது வேலாத்தா அக்கா. எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். மானியத்தில் ட்ரோன் வருகிறது, ஒருத்தியைப் பயிற்சிக்கு அனுப்பு என்று கடிதம் வந்தபோது, தலைவி என்கிற முறையில் அக்கா யாரையும் கேட்கவில்லை. "ஸ்கூட்டி ஓட்டறவ துளசிமணி ஒருத்திதான். அத ஓட்டறவ இதையும் ஓட்டுவா" என்று என் பெயரை எழுதிவிட்டார். ஆகஸ்டிலிருந்து கரட்டுப்புதூரில் நான் ட்ரோன்காரம்மா. வீட்டுக்காரர் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு மினி லாரியில் ஊர் ஊராகப் போகிறவர். அவரிடமே "ட்ரோன்காரம்மா வீட்டுக்காரர்தானுங்களே" என்று கேட்கிறார்களாம்.

உரக்கடை வாசலில் கிட்டுசாமி மாமா கேலி பேசினார்: "ஏம்மிணி, மேல போறது திரும்பி வருமா, இல்ல பழனி மலைக்கே போய்ச் சேந்துருமா?"

"வல்லீன்னா நீங்க போய் முடி எறக்கிட்டு அப்படியே எடுத்துட்டு வாங்க மாமா" என்றேன். மாமாவுக்குத் தலையில் எட்டு முடி இருந்தால் அதிகம். கடையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "சோளக் குருத்தப் படைப்புழு தின்னு தீக்குது. திங்கக்கெழம எனக்கு அடிச்சுக் குடுத்துரு" என்றார்.


அக்டோபர் 18, வெள்ளி

மழை. ட்ரோன் வெளியே எடுக்கவில்லை.

வேலாத்தா அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அவர்களுக்குக் கிட்டுசாமி மாமா காட்டுக்குத் தெற்கே, வரப்பை ஒட்டி இரண்டு ஏக்கர் மல்பெரி, பின்னால் பட்டுப்புழு ஷெட். வாசலில் பிளீச்சிங் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புழு விரல் பருமன் வந்துவிட்டது. இந்தக் கடைசி வாரத்தில் அது தின்பதற்குக் கணக்கே இல்லை, நாலு வேளையும் தழை வெட்டி வெட்டிப் போட வேண்டும். அக்காவுக்கு முட்டி தேய்ந்துபோய் நிற்க முடியவில்லை. மகன் சம்பத் உடுமலையில் மில் வேலை. எல்லாம் மருமகள் ஸ்ரீஜாதான்.

ஸ்ரீஜா கொல்லங்கோட்டுப் பெண். எங்கள் பக்கம் தோட்டக்காரப் பையன்களுக்குப் பெண் கிடைக்காமல் புரோக்கரைப் பிடித்துக் கேரளத்திலிருந்து கட்டிக்கொண்டு வருகிறார்கள், அப்படி மாசி மாதம் வந்தவள். வந்தபோது "தழை" என்ற சொல் தெரியாது. இப்போது ஷெட்டே அவள் கையில்.

"என்ற மருமவ வந்து ஆறு பேட்ச் எடுத்தாச்சு. ஒண்ணுகூடத் தோக்கல. கைராசி!" என்று அக்கா அவள் காதுபடவே சொன்னார். அந்தப் பெண் வெட்கப்பட்டு வேகமாகத் தழை போட்டது.

கைராசி இருந்தாலும் மாதத்தில் அந்த நாலு நாள் பெண்கள் ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. தீட்டு ஆகாது, புழு செத்துப்போகும். பட்டு ஆபீஸ்காரர் அதெல்லாம் சும்மா என்று சிரிப்பார். நாங்களும் அவர் எதிரில் சிரிப்போம். ஆனால் யாரும் உள்ளே போக மாட்டோம்.


அக்டோபர் 21, திங்கள்

இடம்: கிட்டுசாமி மாமா காடு. மக்காச்சோளம் 3 ஏக்கர், படைப்புழு. ஆரம்பம் 7.00, முடிவு 7.45. காற்று: இல்லை. பேட்டரி: இரண்டு செட்.

காலை ஆறு மணிக்கே ஸ்ரீஜா கொல்லைக் கதவைத் தட்டினாள். "அக்கா, ஒரு பாக்கெட் பேட் இருக்கா? கடை திறக்கலை." எடுத்துக் கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தைகிட்டச் சொல்லாதீங்க அக்கா. புழு கூடு கட்ட நாலு நாள்தான் இருக்கு. அத்தையால நின்னு தழை போட முடியாது. நான் வெளிய உக்காந்தா எல்லாம் பட்டினியாப் போகும்."

"நான் எதுக்குச் சொல்றேன் கண்ணு, போ" என்றேன்.

ராத்திரியெல்லாம் கரண்ட் இல்லை. எட்டரைக்குத்தான் வந்தது. அதுவரை பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமா நாலு தடவை போன் செய்துவிட்டார்.

கை வலிக்கிறது. போதும்.


அக்டோபர் 22, செவ்வாய்

மத்தியானம் வேலாத்தா அக்கா போன் செய்தார். "துளசி, ஓடியா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஷெட்டில் மூன்று அடுக்குத் தட்டிலும் புழுக்கள் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. வாயில் பச்சையாகச் சாறு வழிந்தது. சில சுருண்டு தழைக்கு அடியில் விழுந்து கிடந்தன. ஸ்ரீஜா ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேறு தட்டில் விட்டுக்கொண்டிருந்தாள், பிழைத்துக்கொள்ளும் என்று.

"நேத்து மத்தியானத் தழை போட்டதுக்கு அப்பறந்தான் இப்படி. தின்னுட்டு இருந்தது நின்னுருச்சு" என்றாள்.

ஏதோ நோயாக இருக்கும் என்று சொன்னேன். மழை ஈரத்துக்குப் புழுக்களுக்கு நோய் வருவது உண்டுதான்.

சம்பத் வீடியோவில் பட்டு ஆபீஸ்காரரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் பார்த்தவுடனே, "மருந்து பட்ட தழையப் போட்டிருக்கீங்கம்மா. பக்கத்துல யாராச்சும் அடிச்சாங்களா?" என்று கேட்டார்.

வேலாத்தா அக்கா அதட்டுகிற மாதிரி சொன்னார்: "எங்க துளசிதான் அடிச்சா சார். அவ அடிச்சா வெளிய ஒரு சொட்டுப் போகாது."

வீட்டுக்கு வந்து தோசை வார்த்தேன். இரண்டுக்கு மேல் இறங்கவில்லை.


அக்டோபர் 23, புதன்

ஒன்றும் பிழைக்கவில்லை. இருநூறு முட்டைத் தொகுதி, முழு பேட்ச். சாக்கில் அள்ளிக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டோம். நானும் இரண்டு சாக்கு தூக்கினேன். இழவு வீடு மாதிரி அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நின்றார்கள்.

ஸ்ரீஜா மண்வெட்டியை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "அக்கா, நான் திங்கக்கிழமை பதினொன்னரைக்கு வடக்கு வரிசைல தழை வெட்டினேன். தழை ஈரமா இருந்துச்சு. அந்நேரத்துக்குப் பனி ஏது? நீங்க அடிக்கறப்போ காத்து இருந்துச்சா அக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்ல கண்ணு. காத்தே இல்ல. ஏழே முக்காலுக்கெல்லாம் முடிச்சுட்டேன்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். சம்பத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "அவுங்கதான் இல்லீங்கறாங்கல்ல, தழைல ஈரம் இருந்துச்சுன்னா நீ எதுக்கு வெட்டிப் போட்ட?" என்றான். அக்கா குழி மேட்டில் உட்கார்ந்து, "ஆறு பேட்ச் ஒண்ணும் ஆகல. இப்ப மட்டும் எப்படி? ஆரு கண்ணு பட்டுச்சு? ஆரு உள்ள வந்தா? எந்தத் தீட்டு உள்ள வந்துச்சு?" என்று புலம்பினார்.

அப்போதுதான் பேச்சுவாக்கில், "திங்கக்கெழம வெடியால ஸ்ரீஜா எங்கிட்ட பேட் வாங்கிட்டுப் போச்சு… அதுனாலெல்லாம் இருக்காதுங்க்கா" என்று சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அக்கா எழுந்து நின்றார். "தீட்டோடவா உள்ள போன?"

ஸ்ரீஜா குனிந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிப் பக்கம் போனாள்.


அக்டோபர் 24, வியாழன்

வாய் தவறி வந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஸ்கூட்டிக்கு ஆயில் மாற்றினேன்.


அக்டோபர் 26, சனி

இடம்: கரட்டுமேடு. 5 ஏக்கர். ஆரம்பம் 6.15, முடிவு 7.20. காற்று: இல்லை. இன்று நிஜமாகவே இல்லை.

கிட்டுசாமி மாமா எதிரில் வந்தார். "படைப்புழு ஒண்ணுகூட இல்லம்மிணி! குருத்து அப்படியே தளதளன்னு நிக்குது. உன்ற கையில மந்திரம் இருக்குது போ." இன்னும் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறாராம், அடுத்த வாரம் பதினொரு ஏக்கர்.

வேலாத்தா அக்கா வீட்டில் ஸ்ரீஜாவைச் சமையற்கட்டுக்குள்ளும் விடுவதில்லை என்று குழுவில் சொல்லிக்கொண்டார்கள். "மலையாளத்தாளுகளுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?" என்றாள் ஒருத்தி. "தெரிஞ்சேதான் போயிருக்கா, திமிரு" என்றாள் இன்னொருத்தி. தீபாவளிச் சீட்டைப் பற்றிப் பேச்சை மாற்றினேன். மாற்றிவிட்டேன் என்பதில் ஒரு நிம்மதி வேறு. தூ.


அக்டோபர் 28, திங்கள்

அனுப்பிவிட்டார்கள்.

ஸ்ரீஜாவுக்கு இது தலை தீபாவளி. மாப்பிள்ளையும் பெண்ணுமாக மாமனார் வீட்டுக்குப் போய், ஒன்றாக எண்ணெய் வைத்துக் குளித்து, புதுத்துணி கட்டி வர வேண்டிய நாள். சம்பத் அவளைப் பைக்கில் உட்காரவைத்து உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனான், பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வர. "கொஞ்ச நாளைக்கு உங்கம்மா வீட்டுல இரு. அப்பறம் பாத்துக்கலாம்" என்று அக்கா சொன்னாராம். இந்த "அப்பறம்" எத்தனை வருடம் நீளும் என்று எங்கள் ஊருக்குத் தெரியும். வடக்காலத் தெருவில் ஒருத்தனுக்கு "அப்பறம்" முடிவதற்குள் இரண்டாவது கல்யாணமே முடிந்துவிட்டது.

ட்ரோன் பெட்டியை ஆட்டோவில் ஏற்றுவதற்காக ரோட்டோரம் நின்றிருந்தேன். பைக் என்னைத் தாண்டித்தான் போனது. மடியில் ஒரே ஒரு பை. என்னைப் பார்த்தாள். தாண்டிப் போன பிறகும் திரும்பிப் பார்த்தாள்.

நான் ஆட்டோக்காரனிடம், "மெதுவாத் தூக்குங்க, ரெக்கை ஒடஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.


அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

வீட்டுக்காரர் வந்திருக்கிறார். எனக்கு மயில்கழுத்து நிறத்தில் சேலை. பட்டு. பெட்டியைத் திறந்ததும் மூடிவிட்டேன். "புடிக்கலியா?" என்றார்.

சாயங்காலம் அவரிடம் பாதி சொன்னேன். மருந்து காற்றில் போயிருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது என்கிற பாதி. மனிதர் கெட்டவர் இல்லை. "பேசாம இரு. மிசினு குழுவோடது. சொன்னா நாளைக்கே புடுங்கி வேற ஆளுகிட்டக் குடுத்துருவாங்க. செத்த புழு திரும்ப வருமா?" என்றார்.

புழு வராது. மற்ற பாதியை அவரிடம் சொல்லாததால், அவரால் புழுவைப் பற்றித்தான் பேச முடிந்தது.

வேலாத்தா அக்கா வீட்டில் வாசலில் விளக்கு இல்லை. சம்பத் உள்ளே படுத்தே கிடக்கிறானாம்.


நவம்பர் 2, சனி

21-ஆம் தேதிப் பக்கத்தை அடித்துத் திருத்துகிறேன்.

இடம்: கிட்டுசாமி மாமா காடு. 3 ஏக்கர். ஆரம்பம் 10.20. முடிவு 11.05. காற்று: இருந்தது. வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து.

வாத்தியார் சொல்லிக் கொடுத்த மாதிரி ஒரு பிடி புழுதி எடுத்து விட்டுப் பார்த்தேன். அது என் காலடியில் விழவில்லை. வரப்பைத் தாண்டி வேலாத்தா அக்காவின் மல்பெரிப் பக்கம் போயிற்று. நான் பார்த்தேன். பயிற்சியில் இதற்கென்றே ஒரு பாடம் நடத்தினார்கள், பட்டுப்புழுவும் தேனீயும் இருக்கிற பக்கம் எட்டு மணிக்கு மேல் மருந்து அடிக்காதே என்று. எழுதிக்கூட வைத்திருக்கிறேன்.

மாமா, "பொழுதோட மழை வருதுங்கறான். இன்னிக்கு விட்டா குருத்தே மிஞ்சாதும்மிணி. உன்னால முடியலீன்னா சொல்லிரு, பழைய ஆளுகளையே கூப்பிட்டுக்கறேன்" என்றார். அந்தக் கடைசிப் பேச்சுதான். என்னால் முடியாது என்று ஊர் சொல்லக் கூடாது. ஒரு போன் போட்டு, "அக்கா, இன்னைக்கு வடக்கு வரிசைத் தழை வெட்டாதீங்க" என்று சொல்லியிருந்தால் போதும். அதையும் செய்யவில்லை. செய்தால், காற்றில் அடித்தேன் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும்.

வீட்டுக்கு வந்து ஏழு மணி என்று எழுதினேன், புழு சாவதற்கு முந்தின நாளே. அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்?

இதெல்லாம்கூட ஒரு கை தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். 23-ஆம் தேதி நான் சொன்னது அப்படி இல்லை. வாய் தவறவில்லை. ஸ்ரீஜா என்னைக் கேட்டாள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா தீட்டு என்று சொன்னதும், கைக்கு ஒரு கதவு அகப்பட்ட மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணை அதற்குள் தள்ளிவிட்டு நான் வெளியே நின்றுகொண்டேன். "அதுனாலெல்லாம் இருக்காதுங்க்கா" என்று கடைசியில் ஒட்டவைத்தேன் பார், அது இருக்கிறதிலேயே கேவலம். யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக் கேட்டவள் அவள்.

எழுதிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.


நவம்பர் 4, திங்கள்

போனேன்.

வேலாத்தா அக்கா ஷெட் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தட்டுகளைப் பிளீச்சிங் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். "வா துளசி, காப்பி குடிக்கிறியா?" என்றார். அந்த ஒரு கேள்விக்கே ஓடிவிடலாம் போல் இருந்தது.

நின்றுகொண்டே சொன்னேன். பத்து இருபதுக்கு ஆரம்பித்தது, புழுதி போன திசை, டைரியில் பொய் எழுதியது, பேட் விஷயத்தைத் தெரிந்தே சொன்னது. ஒன்றையும் விடவில்லை. அக்கா தட்டைத் தேய்ப்பதை நிறுத்தவே இல்லை. நான் சொல்லி முடித்தும் அந்தத் தட்டையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, என்னைப் பார்க்காமலே பேசினார். "அந்த ஆபீஸ்காரன் மருந்துன்னு சொன்னப்போ ஒரு நிமிசம் எனக்கு உன்ற மேல தோணுச்சு துளசி. உன்னயப் போயி சந்தேகப்பட்டனேன்னு சாமி முன்னால நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தப் புள்ளயச் சந்தேகப்படறதுக்கு எனக்கு ஒரு நிமிசங்கூட ஆகல" என்றார். அப்போதுதான் அழுதார். தேய்க்கிற நாரோடு கண்ணைத் துடைத்தார், பிளீச்சிங் பட்டு எரிந்து இன்னும் அழுதார். தண்ணீர் மொண்டு கொடுத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"நான் பண்ணுன பாவத்துக்கு நான் போவேன். நீயும் வா. உன்ற வாயால சொன்னத உன்ற வாயாலயே வந்து சொல்லு."


நவம்பர் 5, செவ்வாய்

குழுக் கூட்டத்தில் சொன்னேன். ரிமோட்டையும் பேட்டரிகளையும் மேசையில் வைத்தேன். "காத்துக்கு நீ என்ன பண்ணுவ" என்றார்கள் இரண்டு பேர். "காத்துன்னு தெரிஞ்சுதானே அடிச்ச" என்றார்கள் மற்றவர்கள். மறுபடி கோயமுத்தூர் போய்ப் பயிற்சி எடுத்து வரும்வரை நான் தொடக் கூடாது, போன பேட்சுக்கு ஈடாக நான் அக்கா தோட்டத்தில் தழை வெட்ட வேண்டும் என்று முடிவு. வேலாத்தா அக்கா தலைவி நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. எதற்காகப் பேச வேண்டும்?

கிட்டுசாமி மாமா மட்டும் வீட்டுக்கு வந்து, "நாந்தாம்மிணி அவசரப்படுத்திப்போட்டேன்" என்று தலையைத் தடவிக்கொண்டு நின்றார். அவரைத் திட்டினால் எனக்குச் சுலபமாக இருக்கும். திட்டவில்லை.


நவம்பர் 6, புதன்

காலை ஆறு மணி பஸ்ஸில் பொள்ளாச்சி போய், அங்கிருந்து கொல்லங்கோடு. சம்பத்தும் வருகிறேன் என்றான். அக்கா விடவில்லை. "மொதல்ல நாங்க போயி மூஞ்சியக் காட்டிட்டு வர்றோம். தொரத்திவிடாம இருந்தா நீ வா" என்றார்.

மாந்தோப்புகளுக்கு நடுவில் ஓட்டு வீடு. ஸ்ரீஜாவின் அம்மா பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார், உட்காரச் சொல்லவில்லை. உள்ளிருந்து ஸ்ரீஜா வந்தாள். மெலிந்திருந்தாள்.

முதலில் நான் சொன்னேன். திங்கள்கிழமை அக்காவிடம் சொன்னதையே, அதே வரிசையில்.

அக்கா ஸ்ரீஜாவின் கையைப் பிடித்தார். "தப்பு பூராவும் எங்க மேலதான் கண்ணு. நீ தீட்டோட உள்ள போகலீன்னு எனக்கு இப்பத் தெரியும். ஊருக்குள்ள ஒவ்வொருத்திகிட்டயும் நானே சொல்றேன், என்ற மருமவ சுத்தமாத்தான் இருந்தா, தீட்டோட ஷெட்டுக்குள்ள கால் வெக்கவே இல்லீன்னு."

ஸ்ரீஜா கையை உருவிக்கொண்டாள்.

"போனேன் அத்தை."

அக்கா விழித்தார்.

"திங்கக்கிழமையும் போனேன், செவ்வாய்க்கிழமையும் போனேன். ஐப்பசில மட்டும் இல்ல, மாசில வந்ததுலேர்ந்து எல்லா மாசமும் போனேன். நாலு நாளு நான் வெளிய உக்காந்தா ஆரு தழை போடுவா? உங்களால நிக்க முடியாது. அவரு மில்லுக்குப் போயிருவாரு. சொன்னா விட மாட்டீங்கன்னு சொல்லல. பொய் சொல்லி என்னைச் சுத்தமாக்க வேண்டாம்."

"எல்லா மாசமுமா?" அக்காவின் குரல் கீச்சென்று வந்தது.

"எல்லா மாசமும்."

"அப்ப அந்த ஆறு பேட்ச்சும்…"

"ஆறு பேட்ச்சும்தான்."

அக்கா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஸ்ரீஜாவின் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார். ஐம்பத்து நாலு வருட நம்பிக்கை, அரை நிமிடத்தில் அவரால் என்ன செய்ய முடியும்? கடைசியில், "சரி. பதினஞ்சாந்தேதி புழு வருது. ஷெட்டுல ஆளில்ல. துணிமணிய எடு" என்றார். பிறகு, குரலை இறக்கி, "வர்றியா சாமி?" என்று கேட்டார்.

ஸ்ரீஜா தன் அம்மாவைப் பார்த்தாள். அவர் மலையாளத்தில் ஏதோ சொன்னார். "அவரு நாளைக்கு வரட்டும். நான் தனியாத்தானே இங்க வந்தேன், தனியாத் திரும்பி வர மாட்டேன். தலை தீபாவளி போச்சு, ஒரு நாளாவது அவரு இங்க தங்கட்டும்" என்றாள் ஸ்ரீஜா. அக்கா அந்த இடத்திலேயே சம்பத்துக்குப் போன் போட்டார். "லீவு சொல்லிட்டு இன்னிக்கே கெளம்பு, மாமனார் வீட்டுக்குப் புதுத்துணி வாங்கிக்க" என்று அவர் கத்தியது தோப்பு வரைக்கும் கேட்டிருக்கும்.

அக்கா கிணற்றடியில் முகம் கழுவப் போனார். ஸ்ரீஜாவும் நானும் மட்டும் நின்றோம். என்னை மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். அவள் நிறுத்தினாள்.

"காத்து இருந்துச்சுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் அக்கா. நான் தழையில கை வெச்சவ. நீங்க இல்லன்னு சொன்னப்போ, பயந்துட்டாங்க, நாளைக்குச் சொல்லிருவாங்கன்னு நினைச்சேன். அத்தை பையைக் கட்டுன்னு சொன்னாங்க. நாலு நாளு கட்டலை. இன்னிக்கு துளசிக்கா வந்து சொல்லிருவாங்க, இன்னிக்கு வந்து சொல்லிருவாங்கன்னு வாசலையே பாத்துட்டு இருந்தேன். கடைசியில ரோட்டுல உங்களப் பாத்தேன்ல, அப்பக்கூட பைக்க நிறுத்துவீங்கன்னுதான் திரும்பிப் பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று. திண்ணையோரம் துவைத்து வைத்திருந்த துணிவாளியை எடுக்கக் குனிந்தாள். நான் முந்திக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தேன்.

"வேண்டாம், விடுங்க. நானே எடுத்துக்கறேன்" என்றாள்.